புதிய சக்தியும் மலைநாட்டு மக்களும்

உடுமலைப்பேட்டையிலிருந்து மூணாறு செல்லும் மலைப்பாதையில் சின்னாறு வனத்தைக் கடந்தால் மறையூர் வரும். அங்கிருந்து பிரியும் கிளைச் சாலை மேலேறிச் சேரும் ஊர் காந்தலூர். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள இவ்வூர் கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும் மக்களின் பேச்சும் வழக்கமும் தமிழே. மறையூர், காரையூர், கீழாந்தூர், கொட்டகுடி, காந்தலூர் என்னும் ஐந்து ஊர்களும் சேர்ந்து அஞ்சுநாடு எனப் பெயர் பெறும். படிக்கட்டுகளைப் போல் வெட்டப்பட்ட வயல்களில் பூண்டு, உருளைக்கிழங்கு, கோஸ், பீன்ஸ் முதலியன விளைகின்றன. காந்தலூர், வட்டவடைப் பூண்டுக்கு 2022-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது.

இப்பயிர்களை மனிதருக்கு முன்பே அறுவடை செய்துகொள்ள வருவது காட்டானை. அண்மைய ஆண்டுகளில் இத்தொல்லை மிகுந்து, உழவர்கள் இரவு முழுவதும் தோட்டத்தில் காவலிருக்க நேர்ந்துள்ளது. வனத்தை அடுத்த மலையூர்களில் இதற்குப் பரிகாரமாகப் பெரிதும் நம்பப்படுவது சோலார் வேலி. சூரிய ஒளித்தகடு ஒன்று பகலில் மின்கலத்தைச் சார்ஜ் செய்கிறது. அக்கலத்தின் சக்தியை ஒரு சிறு கருவி பல ஆயிரம் வோல்ட் அழுத்தமுள்ள துடிப்பாக மாற்றி, ஏறத்தாழ வினாடிக்கு ஒரு முறை கம்பியில் செலுத்துகிறது. ஒவ்வொரு துடிப்பும் ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த நேரமே நீடிப்பதால், தொட்ட விலங்குக்கு அதிர்ச்சி உண்டாகுமே தவிர உயிருக்குத் தீங்கு நேராது. வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் இணைப்பது முற்றிலும் வேறு. அது விலங்கையும் கொல்லும், வழிதவறி வரும் மனிதனையும் கொல்லும். சட்டப்படி குற்றமும் ஆகும். இவ்வேறுபாட்டைக் களப்பணியாளர் எத்தனை முறை எடுத்துரைத்தாலும் மிகையாகாது.

வேலியைப் பற்றி மலையூர் உழவர் கூறும் குறைகள் மிகத் தெளிவானவை. மழைக்குப் பின் வளரும் புல்லும் கொடியும் கம்பியைத் தொட்டால் மின்துடிப்பு மண்ணுக்குள் கசிந்து வேலி வலுவிழக்கிறது. மின்கலம் சில ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. தந்தம் மின்சாரத்தைக் கடத்தாது என்பதைக் கண்டுகொண்ட யானை தந்தத்தாலேயே கம்பியை அறுக்கிறது. மரக்கிளையைக் கம்பியின்மேல் தள்ளுவதும் உண்டு. (பௌதிகப் பாடத்தில் கடத்திகளையும் கடத்தாப் பொருள்களையும் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதனினும் நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.) ஆகவே வேலி நல்லதா கெட்டதா என்று அவர்கள் விவாதிப்பதில்லை. புல்லை வெட்டுபவர் யார், மின்கலத்தை மாற்றுவதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பவையே அவர்களுடைய கேள்விகள்.

கரியமில வாயுவை மிகக் குறைவாக வெளியிடும் சக்தி முறைகள் என்று அறிஞர்கள் இன்று பேசும் வரிசையில் இந்த வேலியும் சேரும். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் பெறும்போது ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கரியமில வாயு வெளிப்படுகிறது. சூரிய ஒளி, காற்று, ஓடும் நீர் ஆகியவற்றால் மின்சாரம் பெறுகையில், கருவிகளைச் செய்து நிறுவும்போது உண்டாகும் சிறிதளவு நீங்கலாக, வாயு வெளிப்படுவதில்லை. 2021-ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா, நிலக்கரி, எண்ணெய் போன்றவற்றைச் சாராத மின்னுற்பத்தித் திறனை 2030-க்குள் 5 லட்சம் மெகாவாட்டாக உயர்த்தப்போவதாக அறிவித்தது. இவ்வளவு பெரிய மாற்றம் பொறியியல் வல்லுநர்களால் மட்டும் நிறைவேறக்கூடியதன்று. தகடும் காற்றாலையும் ஒருவருடைய கூரையிலோ நிலத்திலோதான் நிற்கவேண்டும். அவ்வொருவர் அதை எவ்வாறு கருதுகிறார் என்பது திட்டத்தின் ஓர் அங்கமாகிறது.

மக்கள் புதியதை ஏற்கத் தயங்கினால் அதற்கு அறியாமையே காரணம் எனக் கொள்ளுவது அலுவலகங்களில் நெடுநாளாக உள்ள வழக்கம். சென்ற எழுபது ஆண்டு அனுபவம் இக்கருத்துக்கு அவ்வளவாக ஆதரவு தரவில்லை.

அடுப்படியில் நிகழ்ந்தது

1950-களின் தொடக்கத்தில் டில்லியிலுள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடம் சூரிய அடுப்பு ஒன்றை உருவாக்கியது. குழிந்த கண்ணாடி போன்ற உலோகத் தட்டு வெயிலைக் குவித்துப் பாத்திரத்தின் அடியில் விழச் செய்யும். விறகு வேண்டியதில்லை, புகையும் இல்லை. செய்தித்தாள்கள் அதனைப் பெரிதும் பாராட்டின. சந்தைக்கும் அது வந்தது. ஆயினும் வாங்குவோர் இல்லாமல் விரைவில் மறைந்தது.

காரணங்களைத் தேடித் தொலைவு செல்லவேண்டியதில்லை. சமைப்பவள் உச்சி வெயிலில் முற்றத்தில் நிற்கவேண்டும். சூரியன் நகர நகரத் தட்டையும் திருப்பிக்கொண்டிருக்கவேண்டும். வீட்டில் பெரிய சமையல் நடப்பதோ விடியற்காலையிலும், வேலை முடிந்து திரும்பிய மாலையிலும். அவ்விரு வேளையிலும் அடுப்புக்கு வேலை இல்லை. விறகு காட்டில் பொறுக்கினால் கிடைக்கும். அடுப்புக்கோ ரொக்கம் வேண்டும். இவற்றுள் எதுவும் அறியாமையைச் சேர்ந்ததன்று. அடுப்பைச் செய்தவர் அறிந்திராத ஒன்றை, அதாவது ஒரு வீட்டின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை, அதை மறுத்தவள் அறிந்திருந்தாள்.

புகையில்லா அடுப்புகளைப் பரப்புவதற்காக 1983-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் கட்டப்பட்டன. எண்ணிக்கை பெரிதே. ஆனால் கட்டியவற்றுள் பல சில ஆண்டுகளுக்குள் விரிசல் கண்டும் புகைபோக்கி அடைத்தும் கைவிடப்பட்டன. கணக்கில் ஏறியது கட்டிய அடுப்பே. எரிந்த அடுப்பை எவரும் எண்ணவில்லை. 2002-இல் அத்திட்டம் முடிவுற்றது.

அதே காலத்தில் கேரளத்தில் நிகழ்ந்தது சற்று வேறானது. 1962-இல் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்னும் அறிவியல் இயக்கம் ஓர் அடுப்பை உருவாக்கியது. அது பரிஷத் அடுப்பு என்றே வழங்கலாயிற்று. ஒரே நெருப்பில் இரு பாத்திரங்கள் வேகும். புகை குழாய் வழியே கூரைக்கு மேல் போகும். கட்டும் முறையில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடுதோறும் சென்று, அவ்வீட்டுப் பாத்திரத்தின் அளவுக்கும் விறகின் தன்மைக்கும் ஏற்ப அதை அமைத்தனர். பழுது நேர்ந்தால் கூப்பிடுவதற்குப் பக்கத்து ஊரிலேயே ஆள் இருந்தது. பின்னர் பாலக்காட்டை அடுத்த முண்டூரில் நிறுவப்பட்ட இவ்வியக்கத்தின் ஆராய்ச்சி நிலையம் அடுப்புடன் நில்லாமல் ‘சூடாறாப்பெட்டி’யையும் பரப்பியது. கொதித்த அரிசிப் பானையை வெப்பம் வெளியேறாத பெட்டிக்குள் மூடிவைத்தால், மேற்கொண்டு விறகின்றித் தன் சூட்டிலேயே சோறு வெந்துவிடும். இதில் நுட்பம் என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது. வீட்டாரின் நாளோடு அது மோதவில்லை என்பதே அதன் சிறப்பு.

மறையூரில் வெல்லம் காய்ச்சுவோரையும் இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். கரும்பைப் பிழிந்த பின் எஞ்சும் சக்கையைக் காயவைத்து, அதையே கொப்பரையின் கீழ் எரித்துச் சாற்றைக் காய்ச்சுகிறார்கள். வயலில் விளைந்ததே எரிபொருளாகி, அடுத்த கரும்பு வளரும்போது அவ்வாயு மீண்டும் பயிருக்குள் அடங்குகிறது. எந்தத் துறையும் இதற்காகப் பிரசாரம் செய்யவில்லை.

அசல் மின்சாரம்

மலைக்குடிகளுக்கு மின்சாரம் சென்ற வரலாற்றிலும் ஒரு செய்தி உண்டு. கம்பி எட்டாத ஊர்களுக்குச் சூரிய விளக்குகள் வழங்குவது நாடெங்கும் கையாளப்பட்ட முறை. வழங்கிய புதிதில் மகிழ்ச்சி உண்டாகும். காரீய மின்கலத்துக்கு அவ்வப்போது வாலை வடிநீர் ஊற்றவேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அதை மாற்றவும் வேண்டும். இதைச் செய்ய ஆளோ பணமோ ஒதுக்காத இடங்களில் விளக்கு அணைந்து, தகடு மட்டும் கூரைமேல் எஞ்சும். அதன்பின் அவ்வூரில் ‘சோலார்’ என்னும் சொல்லுக்கே மதிப்புக் குறைந்துவிடுகிறது. அடுத்து வரும் பணியாளர், தாம் செய்யாத பிழைக்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டியவராகிறார்.

பீகாரில் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்ணாய் என்னும் ஊரில் 2014-ஆம் ஆண்டு கிரீன்பீஸ் அமைப்பு 100 கிலோவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் ஒன்றை நிறுவியது. பல்லாண்டு இருளில் கிடந்த ஊருக்கு ஒளி வந்தது. ஆயினும் அவ்வூரார் சிலர் தங்களுக்கு ‘அசல் மின்சாரம்’ வேண்டும் என்று முழங்கினர். விளக்கும் விசிறியும் இயங்கின. குளிர்பதனப் பெட்டியும் அதைப் போன்ற பெரிய சாதனங்களும் இயங்கவில்லை. நகரத்தான் பெறும் மின்சாரத்துக்குக் குறைந்த ஒன்று தமக்கு ஏன் என்பதே அவர்களுடைய கேள்வி. இக்கோரிக்கையில் நிலக்கரியின்மேல் காதலோ சூரியன்மேல் வெறுப்போ இல்லை. சமமாக நடத்தப்படவேண்டும் என்னும் விருப்பமே இருந்தது எனலாம்.

மூணாறுக்கு அப்பால் அடர்வனத்துக்குள் அமைந்த இடமலைக்குடி, 2010-இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அங்கு வாழ்வோர் முதுவர்கள். மாநிலம் முழுமையாக மின்மயமாயிற்று என்று 2017-ஆம் ஆண்டு மே மாதம் அறிவிக்கப்படுவதையொட்டி, மின்சார வாரியம் இவ்வூராட்சிக்கு வனத்தின் ஊடே நிலத்துக்கடியில் வடம் பதித்து மின்சாரம் கொண்டுசென்றது. மரங்களை வெட்டிக் கம்பம் நடுவதைத் தவிர்க்கவே இவ்வழி. இத்தகைய இடங்களில் செலவை மட்டும் கணக்கிட்டால் தகடே மலிவு என்று முடியலாம். ‘அசல்’ என்னும் சொல்லின் விலையை அக்கணக்கில் எப்பத்தியில் எழுதுவது என்பதைத் திட்டமிடுவோர் இன்னும் தீர்மானிக்கவில்லை.

காற்றும் நிலமும்

மேற்குத் தொடர்ச்சி மலைச் சுவரில் பாலக்காட்டருகே உள்ள இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து பாய்கிறது. காற்றின் வேகம் இருமடங்கானால் அதிலிருந்து பெறத்தக்க சக்தி எட்டு மடங்காகும். ஆகவே கணவாய்களே காற்றாலைக்கு உகந்தவை. பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் மாநில மின்சார வாரியம் 1990-களில் 225 கிலோவாட் திறனுள்ள ஒன்பது காற்றாலைகளை நிறுவியது. பின்னர் இடுக்கி மாவட்டத்தில் தேனிச் சமவெளியை நோக்கி நிற்கும் இராமக்கல்மேட்டிலும், பாலக்காட்டு மாவட்டத்து அட்டப்பாடியிலும் தனியார் காற்றாலைகள் எழுந்தன.

இவ்விரண்டின் கதையும் ஒன்றன்று. இராமக்கல்மேட்டில் காற்றாலைகள் சுற்றுலாப் பயணிகள் கண்டு செல்லும் காட்சிகளுள் ஒன்றாகிவிட்டன. அட்டப்பாடியிலோ 2010-ஆம் ஆண்டில் பெரும் சர்ச்சை எழுந்தது. காற்றாலைகள் நின்ற நிலத்துள் ஒரு பகுதி பழங்குடியினருடையது என்றும், அது முறைகேடான பத்திரங்கள் வழியே கைமாறியது என்றும் புகார்கள் வந்து அரசு விசாரணை நடத்தியது. பழங்குடியினரின் நிலம் பிறருக்குச் செல்லாமல் காக்கக் கேரளம் 1975-லேயே சட்டம் இயற்றியிருந்தும் இந்நிலை. அங்கே கிளம்பிய எதிர்ப்பைக் காற்றுச் சக்திக்கு எதிர்ப்பு எனக் குறிப்பது பெரும் பிழை. இறக்கை சுழல்வதைப் பற்றி அவர்களுக்கு வழக்கில்லை. அது எந்த மண்ணில் ஊன்றப்பட்டது என்பதே வழக்கு.

இன்னும் விளங்கிக்கொள்ளக் கடினமான எதிர்ப்பும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சதாரா முதலிய பகுதிகளில், 2000-ஐ அடுத்துவந்த வறட்சி ஆண்டுகளில், காற்றாலைகள் மேகங்களைத் துரத்திவிடுகின்றன என்று மக்கள் குறைகூறினர். பருவமழையைத் தரும் ஈரக்காற்று கடலின்மேல் பல நூறு கிலோமீட்டர் பரப்பில் திரள்வது. அதன் கனமோ பல கிலோமீட்டர். அன்றைய காற்றாலையின் இறக்கை நுனி நூறு மீட்டர் அளவுக்குத்தான் எட்டும். ஆற்றில் நட்ட ஒரு மூங்கில் வெள்ளத்தைத் திருப்பாதது போலவே இதுவும் மழையைத் திருப்பாது. ஆசிரியர் இதைப் படம் வரைந்து விளக்கலாம், விளக்கவும் வேண்டும். எனினும் விளக்கம் சொல்லி முடித்தபின் இன்னொன்றைக் கவனித்தல் நலம். தரிசெனக் குறைந்த விலைக்கு விற்ற நிலத்தில் கோடி பெறுமானமுள்ள யந்திரம் நிற்கிறது. அதன் மின்சாரம் உயர்ந்த கோபுரங்களின் வழியே வேறெங்கோ போகிறது. கீழே உள்ள கிணறு வற்றுகிறது. இவ்வூரில் மேகத்தைப் பற்றிய வதந்தி எளிதாக வேர்விடுவது வியப்பன்று.

காற்றாலையில் முன்னோடியான டென்மார்க்கு நாட்டில் 1970-களிலும் 1980-களிலும் ஊரார் கூட்டாகப் பங்கு சேர்த்தே பல காற்றாலைகளை நிறுவினர். பெரிய நிறுவனங்கள் உள்ளே வந்த பின் முணுமுணுப்புத் தொடங்கவே, 2009 முதல் சில ஆண்டுகள், புதிய காற்றாலையின் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தைச் சுற்றுப்புற மக்களுக்கு விற்க முன்வரவேண்டும் என்று சட்டம் விதித்தது. இது எல்லாக் குறையையும் தீர்த்துவிடவில்லை. தனக்குப் பங்குள்ள இறக்கையின் ஓசை அயலானுடைய இறக்கையின் ஓசையைவிடக் காதுக்குச் சிறிது மென்மையாகக் கேட்கும் போலும்.

நீர்ச் சக்தியையும் இவ்வரிசையில் மறப்பதற்கில்லை. மூணாறையடுத்த பள்ளிவாசலில் 1940-ஆம் ஆண்டு தொடங்கிய மின்நிலையமே இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம். அன்று அதை எதிர்த்தவர் அரியர். ஒரு தலைமுறை கழிந்து பாலக்காட்டு மாவட்டத்தில் குந்திப்புழையின் குறுக்கே 120 மெகாவாட் திட்டம் வகுக்கப்பட்டபோது நாடே இரண்டுபட்டது. மின்சாரமின்றி வாடிய மலபார்ப் பகுதிக்கு அது வேண்டும் என்றோரும், அமைதிப் பள்ளத்தாக்கின் மழைக்காடு மூழ்கக்கூடாது என்றோரும் இருந்தனர். அடுப்பைப் பரப்பிய அதே பரிஷத் இயக்கம், திட்டத்தின் வரவு செலவையும் மாற்று வழிகளையும் ஆராய்ந்து நூலாக வெளியிட்டது. பள்ளிக்கூட ஆசிரியர்கள் பலர் இவ்விவாதத்தை ஊர்ஊராக எடுத்துச் சென்றனர் என்பது இதைப் படிப்போருக்கு ஆர்வமளிக்கலாம். முடிவில் திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அவ்விடம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இரு தரப்பினரும் கற்றவர்களே. இரு தரப்பிலும் விஞ்ஞானிகள் இருந்தனர். மேலும் தகவல் தந்திருந்தால் எல்லோரும் ஒருமித்திருப்பர் என்று கூற இடமில்லை.

கூரைமேல் நண்பகல், வீட்டுக்குள் இரவு

இன்று கருத்து வேற்றுமை வீட்டுக் கூரைக்கே வந்து சேர்ந்துள்ளது. 2024-ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் ஒரு கோடி வீடுகளின் கூரையில் தகடுகள் அமைக்க முனைகிறது. மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் அமைக்கும் வீட்டுக்கு ரூ. 78,000 மானியம் உண்டு. கேரளம் இதில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களுள் ஒன்று. தகடு பகலில் தரும் மிகுதி மின்சாரத்தை வாரியத்தின் கம்பிக்கு அனுப்பி, இரவில் அதே அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, வித்தியாசத்துக்கு மட்டும் பணம் கட்டுவது வழக்கிலிருந்த முறை.

இங்குதான் சிக்கல் முளைத்தது. கேரளத்தில் மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படுவது இரவில். 2024-ஆம் ஆண்டு மே மாத வெப்பத்தில் மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. அதுவும் மக்கள் குளிர்சாதனங்களை இயக்கி உறங்கும் வேளையில். நண்பகலில் வரும் யூனிட் மலிவு, இரவில் திருப்பித் தரும் யூனிட் விலை மிக்கது, அந்நஷ்டம் தகடு வைக்க வசதியில்லாதோர் தலையில் விழுகிறது என்பது வாரியத்தின் வாதம். கடன் வாங்கித் தகடு வைத்தபோது சொன்ன வாக்கை நடுவில் மாற்றலாகாது என்பது வைத்தவர்களின் வாதம். 2024-லும் 2025-லும் மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் முன் அவர்கள் திரண்டு வந்து ஆட்சேபித்தனர். புதிய சக்தியை மனமார ஏற்றவர்களே எதிர்ப்பாளராயினர் என்பது இதிலுள்ள விசித்திரம். இரு வாதங்களிலும் நியாயம் உண்டு; கூரையே தமக்கென இல்லாத குடியிருப்பவர் மட்டும் அம்மன்றத்தில் குரல் எழுப்பவில்லை.

காந்தலூர் போன்ற ஊரில் இதைப் பாடமாக்குவது எளிது. மலையின் மறைவில் இருப்பதால் இப்பக்கம் மழை குறைவு. கீழே சின்னாற்றில் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டரே பெய்கிறது. ஆகவே மேற்குச் சரிவைவிட இங்கு வெயில் கிடைக்கும் நாள்கள் மிகுதி. மாணவர்கள் தங்கள் வீட்டு மின்மீட்டரைக் காலை 6 மணி, நண்பகல், மாலை 6 மணி, இரவு 10 மணி என ஒரு வாரம் குறித்து வந்து, அதைக் கட்டம் போட்ட தாளில் வரையட்டும். அதே தாளில் வெயில் காய்ந்த நேரத்தையும் வரைந்தால், இரண்டு குன்றுகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது தெரியவரும். பகற்குன்றை இரவுக்கு எவ்வாறு நகர்த்துவது என்று கேட்டால் மின்கலம் என்று சிலர் கூறுவர். மற்றொரு வழியை ஆனைமலையின் மறுபக்கத்திலேயே காணலாம். 1980-களின் இறுதியில் இயங்கத் தொடங்கிய காடம்பாறை மின்நிலையம், மின்சாரம் மிகும் வேளையில் கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலேற்றி, தேவைப்படும் வேளையில் கீழே பாய்ச்சி 400 மெகாவாட் வரை தருகிறது. இவ்வகை நிலையத்துக்கு மலைமேல் ஓர் ஏரியும் அடிவாரத்தில் ஓர் ஏரியும் வேண்டும். அவை யாருடைய நிலத்தில் அமையும் என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்கக்கூடும். அட்டப்பாடியில் கேட்கப்பட்டதும் அதுவே.